வீட்டு இருட்டில் ஒளி ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து, இருட்டில் விளக்கை அசைத்து எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நம் வீட்டில் நடக்குமா?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். நடக்கும். சென்னையில் ஒரு சாதாரண ஃப்ளாட்டில், வீட்டில் கிடக்கும் பொருளையும் தெருமுனைக் கடையில் கிடைக்கும் பொருளையும் வைத்து என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேமரா பற்றி அதிகம் தெரியாதவர்களும் படிக்கலாம்.

லைட் பெயின்டிங்கில், அதாவது ஒளி ஓவியத்தில், என்னதான் நடக்கிறது?

ஷட்டர் திறந்திருக்கும் வரை, ஒளியைப் பதியும் சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இருட்டறையில் அதற்குத் தெரிவது உங்கள் கையில் உள்ள விளக்கு மட்டும்தான். விளக்கு போன வழி கோடாகப் பதிகிறது, பிடித்திருந்த ஆள் பதிவதில்லை. விளக்கைக் கேமராவுக்குக் காட்டி வரைவது ஒரு வகை. விளக்கைக் காட்டாமல் ஒரு பொருளின் மேல் வெளிச்சத்தை மட்டும் தடவுவது இன்னொரு வகை.

இது போன் காலத்துச் சமாச்சாரம் இல்லை. 1889-இல் பிரான்ஸில் எத்தியன் ழூல் மாரேயும் ஜார்ஜ் தெமெனியும் ஒருவரின் மூட்டுகளில் சின்ன பல்புகளைக் கட்டி நடக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். மனித நடையை ஆராய்வது அவர்கள் நோக்கம். 1914 வாக்கில் அமெரிக்காவின் கில்பிரெத் தம்பதி, தொழிலாளர்களின் கையில் விளக்கைக் கட்டி, வேலையில் எந்த அசைவு வீண் என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். கலைக்காக இதைக் கையில் எடுத்தவர்களில் 1935-இல் செய்த அமெரிக்கக் கலைஞர் மேன் ரே முன்னோடி. ஆனால் பலரும் பார்த்திருக்கும் படம் 1949-இல் எடுத்தது: அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைக்காகப் புகைப்படக்காரர் ஜோன் மிலி தென் பிரான்ஸில் எடுத்த ஓவியர் பிக்காசோவின் படங்கள். இருட்டறையில் பிக்காசோ சின்ன டார்ச்சால் காற்றில் காளை வரைகிறார். ஸ்கேட்டிங் வீரர்களின் காலணியில் விளக்கு கட்டி எடுத்த படங்களை மிலி காட்டியதும்தான் பிக்காசோவுக்கு ஆர்வம் வந்ததாம்.

பெரிய கேமரா இல்லை. போன் போதுமா?

ஆரம்பிக்க தாராளமாகப் போதும். பல ஆண்ட்ராய்டு போன்களில் 'ப்ரோ' மோடுக்குள் போனால் ஷட்டர் நேரத்தை 10 முதல் 30 விநாடி வரை வைக்கலாம். சில போன்களில் லாங் எக்ஸ்போஷர், லைட் பெயின்டிங் என்று தனி மோடே உண்டு. ஐபோனின் சொந்தக் கேமராவில் ஷட்டர் நேரத்தை நாமே வைக்க வழியில்லை. அதற்கென்று உள்ள செயலி ஒன்றைப் போட்டுக்கொள்வதுதான் நல்லது. நைட் மோடை நம்பி இறங்காதீர்கள். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதால் கோடு நடுநடுவே அறுந்துவிடும்.

போனில் ஒரு குறை. லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சர் பெரும்பாலும் மாறாது, அகலத் திறந்தபடியே இருக்கும். அதனால் கோடு சீக்கிரம் வெளுத்துப்போகும். ஐஎஸ்ஓவை (ஒளியை எவ்வளவு கூட்டிப் பதிவது என்ற அளவு) முடிந்தவரை இறக்குங்கள், 50 வரை போகிறது என்றால் 50. அப்புறம் டார்ச்சின் வாயை வெள்ளைப் பேப்பரால் இரண்டு மடிப்பு மூடுங்கள்.

எந்த செட்டிங்கில் ஆரம்பிப்பது?

ஐஎஸ்ஓ 100, எஃப் 8 (அபெர்ச்சரின் அளவு, எண் கூடினால் துளை சின்னதாகும்), ஷட்டர் 20 விநாடி. இதை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

இந்த மூன்று எண்களையும் விட முக்கியம், எது எதைக் கட்டுப்படுத்துகிறது என்பது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. புரியாதவர்கள் செட்டிங் பட்டியலைத் தேடி அலைந்துகொண்டே இருப்பார்கள்.

அறையின் சுவர் ஒரே இடத்தில் நிற்கிறது. கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் வந்தாலும், 20 விநாடியும் அது சுவரின் மேல் சேர்ந்துகொண்டே போகும், சொட்டுகிற குழாயடியில் குடம் நிரம்புவது மாதிரி. நேரத்தைக் கூட்டினால் சுவர் இன்னும் தெளிவாகத் தெரியும். டார்ச் அப்படி இல்லை. அது ஓர் இடத்தில் இருப்பது கண்ணிமைக்கும் நேரம்தான், உடனே அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. நீங்கள் 20 விநாடி வைத்தாலும் 60 விநாடி வைத்தாலும் அந்த ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் வெளிச்சம் அதேதான்.

ஆகவே அறை வெளுத்தால் முதலில் ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள், அல்லது இருட்டைக் கூட்டுங்கள். கோடு வெளுத்தால் ஷட்டரைத் தொடாதீர்கள். எஃப் 8-ஐ எஃப் 11 ஆக்குங்கள், இல்லையென்றால் டார்ச்சை மங்கலாக்குங்கள், அல்லது கையை வேகமாக வீசுங்கள். கோடு மங்கல் என்றால் இதற்கு நேரெதிர்: கையை மெதுவாக நகர்த்துங்கள், அல்லது ஐஎஸ்ஓவை 200-க்கு ஏற்றுங்கள். பச்சை விளக்கு வைத்து வரைந்தும் படத்தில் கோடு வெள்ளையாக வந்திருந்தால், காரணம் விளக்கு இல்லை. கோடு அளவுக்கு மீறி வெளிச்சமாகிவிட்டது, அவ்வளவுதான்.

வரைய ஆரம்பிக்கும் முன் ஒன்றும் செய்யாமல் 20 விநாடி சும்மா ஒரு படம் எடுங்கள். அது கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக வர வேண்டும். வந்தால் அறை தயார்.

சென்னையில் இருட்டுக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. தெருவிளக்கு நேரே படுக்கையறை ஜன்னலில் அடிக்கும். எதிர் ஃப்ளாட்டின் சமையலறை விளக்கு பதினொரு மணி வரை எரியும். ஜன்னல் குறைவாக உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் கறுப்பு பெட்ஷீட்டையோ கெட்டியான போர்வையையோ கிளிப் போட்டு மாட்டுங்கள். கதவின் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள்ளேயே எத்தனை விளக்கு எரிகிறது என்று தெரியும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், இன்வெர்ட்டர், ஏசியின் எண், ஸ்விட்ச் போர்டில் இண்டிகேட்டர், கொசு மருந்து மெஷினின் சிவப்புப் புள்ளி என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். 20 விநாடி எக்ஸ்போஷரில் இவை ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். எலக்ட்ரீசியன்கள் சுற்றும் கறுப்பு டேப்பில் சின்னத் துண்டு ஒட்டினால் போதும். கொசுவர்த்திச் சுருள் ஏற்றுபவர்கள் அதைக் கேமராவுக்குப் பின்னால் வையுங்கள்.

கரண்ட் கட் நேரம் பொன்னான நேரம் என்று சிலர் சொல்வார்கள். தெருவே அணையும்போது உண்மைதான். ஆனால் வேர்வையில் கேமராவைப் பிடிக்கவே கை வழுக்கும், ஐந்து நிமிடத்தில் யாராவது டார்ச்சோடு அறைக்குள் வந்துவிடுவார்கள்.

ட்ரைபாட் கட்டாயமா?

கேமரா அசையக்கூடாது என்பதுதான் கட்டாயம். ஸ்டூலின் மேல் ஒரு கிலோ அரிசிப் பையை வைத்து, அதில் குழி செய்து கேமராவை உட்கார வைத்தாலும் ஆடாது. ஷட்டரை அழுத்தும் விரலின் அசைவு படத்தில் விழாமல் இருக்க 2 விநாடி டைமர் போடுங்கள். தனியாளாக வரைவதென்றால் 10 விநாடி. லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இருட்டில் ஃபோகஸ் பிடிக்கவே மாட்டேன் என்கிறதே?

பிடிக்காது, அது இயல்பு. நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அறை விளக்கு எரியும்போதே அதில் ஃபோகஸ் செய்யுங்கள். உடனே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டு நாற்காலியை எடுத்துவிடுங்கள். போனில் திரையை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். நின்ற இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து வைத்தால் இருட்டில் தடுமாற வேண்டாம்.

எந்த மாதிரி விளக்கு வாங்க வேண்டும்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். வீட்டில் உள்ள பென்டார்ச் போதும். டார்ச் அப்படியே இருந்தால் வெளிச்சம் விரிந்து சுவரிலும் உங்கள் முகத்திலும் அடிக்கும். அதன் வாயில் கறுப்பு டேப் ஒட்டி, நடுவில் மட்டும் பருப்பளவு திறப்பு விடுங்கள். பேனா பிடிப்பது மாதிரி பிடித்து வரையலாம்.

நிறத்துக்கு, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கலர் கண்ணாடிப் பேப்பர். சிவப்பும் நீலமும் ஒற்றை மடிப்பில் வெளிறித் தெரியும், மூன்று மடிப்பு போடுங்கள். பொருட்காட்சியிலும் திருவிழாக் கடைகளிலும் பிள்ளைகளுக்கு விற்கிற, நுனியெல்லாம் மின்னும் ஃபைபர் நூல் டார்ச் ஒன்று உண்டு. அதை ஒரு பொம்மை என்று ஒதுக்க வேண்டாம். தூரிகையால் இழுத்தது போன்ற கோடு அதில்தான் வரும். எல்இடி, ஸ்விட்ச், பேட்டரி பெட்டி என்று சொந்தமாகச் செய்ய ஆசை வந்தால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

சீரியல் லைட்டைச் சுழற்றினேன். கோடு வராமல் புள்ளி புள்ளியாக விழுகிறது. ஏன்?

முதலில், பிளக்கில் சொருகிய சீரியல் லைட்டைக் கையில் எடுத்துச் சுழற்றாதீர்கள். வயர் நைந்தால் ஷாக் அடிக்கும். பேட்டரியிலோ பவர் பேங்கிலோ ஓடும் சரத்தை வாங்குங்கள்.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக ஓடும் மலிவு எல்இடி சரம் விநாடிக்கு 50 அல்லது 100 முறை அணைந்து எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கையை வீசினால், 100 முறை அணையும் விளக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போகும். டிம் வசதி உள்ள டார்ச்சுகளும் குறைந்த வெளிச்சத்தில் பெரும்பாலும் இதையேதான் செய்கின்றன, முழு வெளிச்சத்தில் வைத்தால் கோடு ஒன்றாகிவிடும். எனக்கு இந்தப் புள்ளிக் கோடு பிடிக்கும், வேண்டுமென்றே செய்வேன்.

முதல் படமாக எதை முயற்சி செய்யலாம்?

பெயர் எழுதுவதில்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஊசல் படம்தான். வரையத் தெரிய வேண்டாம், கை நடுங்கினால் பரவாயில்லை, முதல் நாளே அசத்தலான படம் கிடைக்கும். விளக்கு தானே வரையும்.

பழைய வீடு என்றால் கூடத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கும், அல்லது தொட்டில் கொக்கி. ஃப்ளாட் என்றால் துணி காயப்போட மேலே கட்டிய கம்பி. ஃபேனில் கட்டாதீர்கள். கொக்கியிலிருந்து ஐந்தடி நூலில் பென்டார்ச்சைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள், வெளிச்சம் நேரே தரையைப் பார்க்க வேண்டும். டார்ச்சின் வாயில் கறுப்பு டேப், அதில் ஊசித் துளை. முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள், ஏனென்றால் அதற்கு நேர் கீழே தரையில் லென்ஸ் மேலே பார்த்தபடி கேமரா படுத்திருக்கப் போகிறது. போன் என்றால் திரையைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். திரையின் வெளிச்சமும் மறைந்துவிடும். டார்ச் நுனியில் ஃபோகஸ் செய்து பூட்டுங்கள்.

விளக்கை அணைத்து, டார்ச்சை ஒரு பக்கம் இழுத்து, நேராக விடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். அது நீள்வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டு மூன்று சுற்று போய் நிதானமானதும் ஷட்டர். ஐந்தடி நூலில் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டரை விநாடி ஆகும். அதாவது 30 விநாடியில் பன்னிரண்டு சுற்று, ஒரு நிமிடத்தில் இருபத்து நான்கு. காற்றின் இழுப்பால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட மயிரிழை சின்னதாகும், நீள்வட்டமும் மெல்லத் திரும்பும். கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கடுக்காக விழும்.

இன்னும் வேண்டுமா? ஒற்றை நூலுக்குப் பதில், கம்பியில் இரண்டு இடத்தில் கட்டிய நூல்களைக் கீழே ஒரு முடிச்சில் சேர்த்து, முடிச்சிலிருந்து டார்ச்சைத் தொங்கவிடுங்கள். இப்போது கம்பியின் நீளவாக்கில் ஆடும்போது முடிச்சுக்குக் கீழே உள்ள நூல் மட்டும்தான் ஆடும். குறுக்கே ஆடும்போது முழு உயரமும் ஆடும். ஊசலின் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கம்பியிலிருந்து டார்ச் வரை நான்கடி, முடிச்சிலிருந்து டார்ச் வரை ஒரு அடி என்று வைத்தால், ஒரு திசையின் ஆட்டம் மற்றதைவிடச் சரியாக இரண்டு மடங்கு வேகம். எட்டு வடிவச் சுருள்கள் வரும். நடுவில் லென்ஸை ஒரு கறுப்பு அட்டையால் மறைத்து, கண்ணாடிப் பேப்பரின் நிறத்தை மாற்றி, மறுபடி ஆட்டிவிட்டு அட்டையை எடுத்தால் இரண்டு நிற நெசவு. இதற்கு 30 விநாடி பத்தாது. கேமராவில், பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் 'பல்ப்' மோடுக்குப் போய், பொத்தானைப் பூட்டி வைக்கும் கேபிள் ரிலீஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத்து எழுதினால் தலைகீழாக வருகிறதே?

இடவலம் மாறித்தான் வரும், நீங்கள் கேமராவைப் பார்த்து நின்று எழுதுகிறீர்கள் அல்லவா. வழக்கம் போல எழுதிவிட்டு, பிறகு படத்தை எடிட்டில் கிடைவாக்கில் திருப்பிவிடுங்கள். திருப்பி எழுதப் பழகி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மெய்யெழுத்தின் புள்ளிக்கும், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலும் டார்ச் வாயைக் கட்டைவிரலால் மூடித் திறங்கள். ஸ்விட்ச் போட்டு அணைத்தால் நேரமும் போகும், கையும் இடம் மாறும். எழுத்து முகத்தளவு பெரிதாக இருக்கட்டும்.

கோலம் போடத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவர் கையில் டார்ச்சைக் கொடுங்கள். ஒரே இழையில் புள்ளிகளைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடியும் சிக்குக் கோலத்துக்கு டார்ச்சை மூடவே தேவையில்லை. காற்றில் போடும்போது புள்ளி இல்லாமல் கை தவறும். அதனால் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து, தரையை ஒட்டி டார்ச்சை நடத்தி, கேமராவை ஏணியிலோ லாஃப்டிலோ வைத்து மேலிருந்து எடுப்பது சுலபம். தரையில் சாக்பீஸ் புள்ளிகளும் மங்கலாகத் தெரியும். அழகாகத்தான் இருக்கும்.

படத்தில் நான் பேய் மாதிரித் தெரிகிறேன்.

கறுப்பு முழுக்கைச் சட்டை போடுங்கள், ஒரே இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருங்கள், டார்ச் உங்கள் மேல் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே ஆள் தெரிய வேண்டுமானால், வரைந்து முடித்ததும் அவரை அசையாமல் நிற்கவைத்து ஒரே ஒரு ஃபிளாஷ் அடித்தால் கூர்மையாகப் பதிவார்.

பொருளின் மேல் வெளிச்சம் தடவுவது என்றீர்களே, அது எப்படி?

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டில் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பளீரென்று ட்யூப்லைட் போட்டு எடுத்தால் கொலுப் படம் தட்டையாக இருக்கும். எல்லா விளக்கையும் அணைத்து, 30 விநாடி ஷட்டர் வைத்து, பக்கவாட்டில் நின்று, டார்ச்சால் ஒவ்வொரு பொம்மையையும் இரண்டு விநாடி தடவிக்கொண்டே வாருங்கள். டார்ச்சின் கண் கேமராவைப் பார்க்கவே கூடாது. ஓர் இடத்தில் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் அங்கே திட்டு விழும். பக்கத்திலிருந்து அடிக்கும்போதுதான் மண் பொம்மையின் மூக்கும் புடவை மடிப்பும் எழுந்து நிற்கும்.

பித்தளைக் குத்துவிளக்கு கஷ்டம். டார்ச் அதில் பளிச்சென்று ஒரு புள்ளியாகத் தெரியும். டார்ச்சுக்கு முன்னால் வெள்ளைப் பேப்பரைப் பிடித்து, பேப்பரை ஒளிரவிட்டு, அந்த ஒளியை மட்டும் விளக்கின் மேல் விழவிடுங்கள். வளைவு முழுக்க ஒரு வழவழப்பான கோடு ஓடும்.

மொட்டை மாடியில் செய்யலாமா?

ஒளியால் பந்து வடிவம் வரைய மாடிதான் சரி. கயிற்றின் நுனியில் விளக்கைக் கட்டிச் செங்குத்தாகச் சுழற்றிக்கொண்டே, தரையில் குறித்த ஒரு புள்ளியைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் வர வேண்டும். சுழலும் விளக்கின் அடி எப்போதும் அந்தப் புள்ளியின் மேலேயே இருந்தால் முழு உருண்டை வரும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் உடனே பனித்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். லேசர் வேண்டவே வேண்டாம். சென்சாரில் நேராகப் பட்டால் சென்சார் போய்விடும். மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் இறங்கும் விமானத்தின் மேல் பட்டால் விமானியின் கண் கூசும், போலீஸ் வரும்.

ஸ்டீல் வூல் (மெல்லிய இரும்பு நார்)? கம்பி மத்தாப்பு?

பற்றவைத்த ஸ்டீல் வூலைச் சுழற்றுவது வீட்டு வேலை இல்லை, மாடி வேலையும் இல்லை. அதில் பறப்பது எரியும் இரும்புத் துகள். பக்கத்து மாடியில் காயும் துணி, தண்ணீர்த் தொட்டி, கேபிள் வயர் என்று எதன் மேலும் விழும், லென்ஸ் கண்ணாடியிலும் பள்ளம் போடும்.

மத்தாப்பு சரி, பெரியவர்கள் கூட இருந்தால். தமிழகத்தில் சில ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. காலை ஆறு மணிக்கு வானம் வெளுத்துவிடும், இரவு நேரம்தான் உதவும். மத்தாப்பு டார்ச்சைவிடப் பல மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, மூன்று நான்கு விநாடி போதும். எரிந்து முடிந்த கம்பியும் வெகு நேரம் சுடும், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்து அதில் போட்டுவிடுங்கள். பருத்தி உடை, காலில் செருப்பு.

படம் எடுத்த பிறகு கேமரா வெகு நேரம் வேலை செய்யாமல் நிற்கிறது. பழுதா?

இல்லை. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன் ஆகியிருக்கும். 30 விநாடி எடுத்தால், ஷட்டரை மூடியபடி இன்னொரு 30 விநாடி எடுத்து, சூட்டில் வந்த புள்ளிகளைக் கழிக்கிறது. பழகும் நாட்களில் அணைத்துவிடுங்கள், காத்திருக்கும் நேரம் மிச்சம். கோடையில் ஏசி இல்லாத அறையில் நிமிடக்கணக்கில் எடுக்கும்போது ஆன் செய்துகொள்ளலாம்.

எடிட்டிங் எவ்வளவு செய்யலாம்?

சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபார்மட்டில் எடுத்து வையுங்கள், வைட் பேலன்ஸை (படத்தின் நிறச் சாயலை) பிறகு மாற்றலாம். நான் கறுப்பை இன்னும் கொஞ்சம் அழுத்துவேன், டேப் ஒட்டத் தவறிய ரவுட்டர் புள்ளியை அழிப்பேன், எழுத்து இருந்தால் திருப்புவேன். கோடு வெளுத்திருந்தால் எடிட்டில் மல்லுக்கட்ட மாட்டேன். டார்ச்சின் மேல் இன்னொரு மடிப்புப் பேப்பரை ஒட்டி மறுபடி எடுப்பது அதைவிடச் சீக்கிரம் முடியும்.